முள் பொய் சொல்லுமா?
(டேஷ்போர்டு கேஜ்களை மாற்றும் முறையும் சரிபார்க்கும் முறையும்)



கோயமுத்தூர்க்காரர்களுக்கு டேஷ்போர்டு மீட்டர் புதிய பொருள் அல்ல. 1975-ல் தொழிலைத் தொடங்கிய பிரிக்கால் நிறுவனத்தின் மீட்டர்கள் இங்கிருந்துதான் நாடெங்கும் உள்ள வண்டிகளுக்குப் போகின்றன. ரேஸ் காரும் நமக்குப் புதிதல்ல. மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கட்டிய எஸ். கரிவர்தன் நம் ஊர்க்காரர். 1995-ல் விமான விபத்தில் அவர் மறைந்தார். 2003-ல் செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட ரேஸ் டிராக்குக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் படித்துக்கொண்டு, ஒரு சின்ன சென்சாரைத் தவறாகப் பூட்டி ஓர் எஞ்சினைக் கெடுத்தவன் நான். அந்தத் தவறிலிருந்து கற்றுக்கொண்ட பாடத்தைத்தான் இக்கட்டுரையில் எழுதுகிறேன். மூன்றாம் ஆண்டுக்கு வரும் ஜூனியர் தம்பிகளுக்கு லேப் ரெக்கார்டைவிட இது கொஞ்சம் உதவும் என்று நம்புகிறேன்.

நடந்தது என்ன?

சென்ற கோடை விடுமுறையில் ஒரு பட்டறையில் உதவியாளாக இருந்தேன். அங்கே லோட்டஸ் செவன் மாதிரியில் ஒரு காரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். லோட்டஸ் செவன் என்பது 1957-ல் இங்கிலாந்தில் வந்த, கதவில்லாத இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். 1973-ல் அதைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. எளிய டிசைன் என்பதால் உலகம் முழுக்க அதைப் பார்த்துக் கார் கட்டுகிறார்கள். எங்கள் பட்டறைக் காருக்கு இரும்புக் குழாய் சேஸிஸ், ஃபைபர் பாடி, பழைய அம்பாசிடர் ஒன்றிலிருந்து எடுத்த 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் எஞ்சின். கேஜ்கள் ஐந்தும் ஐந்து இடத்திலிருந்து வந்தவை. உக்கடத்தில் பழைய சாமான் கடையில் வாங்கியது இரண்டு, வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியில் இருந்தது ஒன்று, மீதி பட்டறைப் பரணில் கிடந்தவை.

ஐந்தில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. டேங்க் காலி என்றால் ஃபியூவல் கேஜ் ஃபுல் காட்டும். ஹெட்லைட் போட்டால் எல்லா முட்களும் சேர்ந்து நகரும். "அது எப்பவுமே அப்படித்தான்டா தம்பி. முள்ளை நம்பி ஓட்டுனா ஊர் போய்ச் சேர மாட்டே" என்று மெக்கானிக் அண்ணன் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

ஒரு நாள் டெம்பரேச்சர் சென்சார் மரையில் தண்ணீர் கசிந்தது. என்னிடம் பார்க்கச் சொன்னார்கள். கழற்றி, மரையில் டெஃப்லான் டேப்பை ஆறு சுற்று சுற்றி இறுக்கிப் பூட்டினேன். கசிவு நின்றது. "பரவாயில்லையே!" என்று முதலாளி தட்டிக்கொடுத்தார். ரெண்டு நாள் கழித்துத் தோட்டத்து ரோட்டில் சோதனை ஓட்டம். முள் 85-ஐத் தாண்டவே இல்லை. ஆனால் பானெட் இடுக்கில் ஆவி வந்தது. நிறுத்திப் பார்த்தால் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. ஹெட்டும் வளைந்திருந்தது.

"மீட்டர் டுபாக்கூர். புதுசு ஆர்டர் போட்டுடலாம்" என்று முடிவானது. எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் எனக்கு மனசு கேட்கவில்லை. இக்னிஷனை ஆஃப் செய்து, சென்சார் ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தேன். ஒரு முனையை சென்சாரின் பித்தளை உடம்பிலும், மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் தொட்டேன். ஒரு ஓமுக்கும் குறைவாக வர வேண்டும். வந்தது 31 ஓம்.

அந்த 31 ஓமும் நான் சுற்றிய டேப். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் புது மீட்டர் வாங்கி அதே சென்சாரில் மாட்டினால் அதுவும் அதே பொய்யைத்தான் சொல்லும், அடுத்த ஹெட்டும் வளையும். அதனால் சொல்லிவிட்டேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சொன்னியே, அது போதும். இனி இந்த அஞ்சு முள்ளும் உன் பொறுப்பு" என்றார். கீழே வருவதெல்லாம் அந்தப் பொறுப்பில் செய்த வேலைகள்.

முள்ளுக்குப் பின்னால் மூன்று பேர்

எந்த மின்சார கேஜானாலும் மூன்று பகுதிகள் உண்டு. அளக்கும் சென்சார், செய்தியைக் கொண்டுபோகும் ஒயரும் எர்த்தும், காட்டும் மீட்டர். நாம் கண்ணால் பார்ப்பது மூன்றாவதை மட்டும். ஆகவே பழியும் அதன் மேலேயே விழுகிறது.

சென்சாருக்குப் பெரும்பாலும் ஒரே ஒயர்தான் இருக்கும். கரண்ட் திரும்பிப் போகும் வழி அதன் மரையும் எஞ்சின் பிளாக்கும். மரையைத் தடித்த டேப்பால் மூடினால் அந்த வழி அடைபடுகிறது. சில சமயம் மரையின் பல் டேப்பைக் கிழித்துக்கொண்டு தொட்டுவிடும், அப்போது கேஜ் சரியாகக் காட்டும். மறுநாள் தொடாது. இப்படி ஒரு நாள் சரி, ஒரு நாள் தப்பு என்று காட்டும் கேஜ்தான் ஆபத்தானது.

நம் வழக்கமான கார்களில் இரும்பு பாடி முழுவதுமே எர்த். ஃபைபர் பாடியில் கரண்ட் போகாது. எனவே இப்படிப்பட்ட கார்களில் ஒவ்வொரு மீட்டருக்கும், பெட்ரோல் டேங்க் யூனிட்டுக்கும் தனி எர்த் ஒயர் போட்டு ஒரே போல்ட்டில் சேர்த்து, அங்கிருந்து பேட்டரிக்குத் தடித்த ஒயர் இழுக்க வேண்டும். எங்கள் காரில் ஹெட்லைட்டும் மீட்டர்களும் ஒரே மெல்லிய எர்த் ஒயரைப் பகிர்ந்துகொண்டிருந்தன. லைட் போட்டதும் முட்கள் நகர்ந்தது அதனால்தான். சோதனை எளிது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்ட் அளக்கவும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. எங்களுக்கு 0.8 வந்தது.

இந்த எர்த் வேலையை முடிக்காமல் எந்த கேஜையும் மாற்றாதீர்கள். நாங்கள் முடித்ததும், ஒரு ரூபாய்கூடக் கொடுத்துப் புது மீட்டர் வாங்காமலேயே, ஐந்தில் இரண்டு கேஜ்கள் ஒழுங்குக்கு வந்தன.

1. டெம்பரேச்சர் கேஜ்

சென்சாருக்குள் இருப்பது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற இதன் ஓம் குறையும். சென்சாரைக் கழற்றி, தண்ணீர்ப் பாத்திரத்தில் அதன் அடிப்பகுதி மட்டும் முழுகும்படி கம்பியில் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து அடுப்பில் சூடாக்கினோம். நான் குறித்த அளவுகள்:

40 டிகிரி – 290 ஓம்
60 டிகிரி – 135 ஓம்
80 டிகிரி – 70 ஓம்
கொதிநிலை – 40 ஓம்

கொதிநிலை என்றதும் 100 டிகிரி என்று எழுதிவிடாதீர்கள். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். ஆகவே இங்கே தண்ணீர் 98.6 டிகிரியிலேயே கொதிக்கும். ஊட்டியில் சுமார் 92 - 93 டிகிரியில் கொதித்துவிடும். ரேடியேட்டரில் பிரஷர் கேப் இருப்பதால்தான் மலை ஏறும்போதும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிக் கொதிக்காமல் தாங்குகிறது.

இப்போது என் தவறைக் கணக்காகப் பாருங்கள். தண்ணீர் 100 டிகிரிக்கு வரும்போது சென்சார் சுமார் 39 ஓம். அதோடு டேப்பின் 31 ஓம் சேர்ந்தால் 70. எழுபது ஓம் என்றால் மீட்டருக்கு அது 80 டிகிரி! தண்ணீர் 110-ஐத் தொட்டபோதும் முள் 85 அருகில்தான் நின்றிருக்கும். மீட்டர் பொய் சொல்லவில்லை. அதற்குப் போன செய்தியை அது அப்படியே காட்டியது.

இன்னொரு எச்சரிக்கை. தண்ணீர் முழுக்க வெளியேறிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், முள் கீழே இறங்கக்கூடும். ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று இறங்கினால் சந்தோஷப்படாமல் எஞ்சினை நிறுத்துங்கள்.

கசிவுக்குத் தீர்வு என்ன? கூம்பு மரை என்றால் சுத்தம் செய்து சரியான இறுக்கத்தில் பூட்டினாலே போதும். நேர் மரை என்றால் செம்பு வாஷர். பூட்டிய பின் உடம்புக்கும் பேட்டரிக்கும் ஓம் அளப்பதை மறக்காதீர்கள்.

2. ஃபியூவல் கேஜ்

டேங்க் யூனிட் என்பது மிதவையோடு நகரும் ஒரு ரெசிஸ்டன்ஸ். எல்லா யூனிட்டும் ஒரே அளவு அல்ல என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. அமெரிக்க வழக்கத்தில் காலிக்கு 240 ஓம், ஃபுல்லுக்கு 33 ஓம். ஐரோப்பிய வழக்கத்தில் காலிக்கு 10, ஃபுல்லுக்கு 180. எங்கள் காரில் மீட்டர் முதல் வகை, டேங்க் யூனிட் இரண்டாம் வகை. காலி டேங்க் 10 ஓம் கொடுத்தால் மீட்டர் ஃபுல் என்றுதானே காட்டும்? பெட்ரோல் ஊற்ற ஊற்ற முள் இறங்கியதன் ரகசியம் இதுவே. மீட்டருக்குப் பொருத்தமான டேங்க் யூனிட் வாங்கிப் போட்டோம்.

மீட்டரைச் சோதிக்க டேங்க்கைத் திறக்கத் தேவையில்லை. டேங்க் பக்க ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே ரெசிஸ்டர்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். 33 ஓம் வைத்தால் ஃபுல், 100 ஓம் அருகில் பாதி, 240 ஓம் வைத்தால் காலி. எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். முள் சரியாக நின்றால் மீட்டர் நல்லது, குற்றம் டேங்க் யூனிட்டில். பெட்ரோல் டேங்க் அருகே பேட்டரி ஒயரை உரசிப் பொறி பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பிறகு காலி டேங்க்கில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைக் குறிக்கவும். டேங்க் சதுரமாக இல்லாவிட்டால் பாதி முள் என்பது பாதி பெட்ரோல் ஆகாது. எங்கள் 30 லிட்டர் டேங்க்கில் பாதி முள்ளுக்கு 13 லிட்டர்தான் இருந்தது.

பழைய பிரிட்டிஷ் வகைக் கார்களுக்கு ஒரு குறிப்பு. அவற்றின் மீட்டர்களில் உலோகப் பட்டை சூடாகி வளைந்து முள்ளை நகர்த்தும். பேட்டரி வோல்டேஜ் ஏறி இறங்கினால் முள்ளும் ஏறி இறங்கும் என்பதால், சராசரி 10 வோல்ட் தரும் ஸ்டெபிலைசர் ஒன்று பின்னால் இருக்கும். ஃபியூவல், டெம்பரேச்சர் இரண்டும் ஒரே நேரத்தில் அதிகம் காட்டினால் இரண்டு மீட்டரையும் மாற்றாதீர்கள். முதலில் ஸ்டெபிலைசரைப் பாருங்கள்.

3. ஆயில் பிரஷர் கேஜ்

எங்கள் காரில் இருந்தது மெக்கானிக்கல் வகை. உள்ளே இருப்பது போர்டன் டியூப். 1849-ல் பிரான்ஸ் நாட்டு யூஜின் போர்டன் காப்புரிமை பெற்றது. வளைந்த தட்டைக் குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும், அந்த அசைவு முள்ளைத் திருப்பும். செமஸ்டரில் படம் போட்டுப் பாகம் குறித்த அதே குழாய்தான்!

இதை நம் லேபில் உள்ள டெட் வெயிட் டெஸ்டரில் ஏற்றினேன். ஒரு சதுர சென்டிமீட்டர் பிஸ்டன் மேல் மொத்தம் 4 கிலோ எடை வைத்தால் எண்ணெயின் அழுத்தம் 4 கிலோ. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. எடையை ஏற்றும்போது ஒரு வரிசை, இறக்கும்போது ஒரு வரிசை எனக் குறிக்க வேண்டும். இரண்டும் வேறுபட்டால் உள்ளே உரசல் இருக்கிறது என்று பொருள். எங்கள் கேஜ் 4 கிலோவுக்கு 3.6 காட்டியது. ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே மாதிரி காட்டியதால் மாற்றவில்லை, திருத்த அட்டை எழுதி ஒட்டினோம்.

ஆயில் குழாய் டேஷ்போர்டுக்குப் பின்னால் வருவதால், அது உடைந்தால் கொதிக்கும் ஆயில் ஓட்டுபவர் கால் மேல்தான் கொட்டும். நைலான் குழாய் இருந்தால் எடுத்துவிட்டு நல்ல உலோகக் குழாய் போடுங்கள்.

4. ஆர்.பி.எம். மீட்டர்

நான்கு ஸ்ட்ரோக், நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு ஸ்பார்க். ஆறு சிலிண்டருக்கு மூன்று. மீட்டரின் பின்னால் உள்ள ஸ்விட்ச் ஆறில் இருந்தது. ஆகவே 3000 சுற்று ஓடும்போது 2000 என்று காட்டியது. கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் "இன்னும் மிச்சம் இருக்கு" என்று மிதித்திருப்போம்.

சரிபார்க்க நம் வீட்டு மின்சாரமே போதும். அது விநாடிக்கு 50 சுழற்சி. 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர், நான்கு டயோடு பிரிட்ஜ், ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மீட்டரின் சிக்னல் முனைக்குக் கொடுத்தால், கப்பாசிட்டர் போடாதவரை, விநாடிக்கு 100 துடிப்பு. நான்கு சிலிண்டர் அளவில் அது மிகச் சரியாக 3000. ஒரே டயோடு போட்டால் 50 துடிப்பு, 1500. மீட்டருக்கு பேட்டரி சப்ளை தனியாகக் கொடுத்து, இரண்டின் நெகட்டிவையும் சேர்க்க வேண்டும். 230 வோல்ட் பக்கத்தில் ஆசிரியர் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

5. ஸ்பீடோமீட்டர்

கேபிள் வகையில் காந்தம் சுழலும், அதைச் சுற்றிய அலுமினியக் கிண்ணம் அதனால் இழுபடும், ஒரு மெல்லிய ஸ்பிரிங் தடுக்கும். கேபிள் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். டயர் மாறியது தெரியாது. தரையில் சாக்பீஸ் கோடு போட்டு டயரை ஒரு சுற்று உருட்டி டேப்பால் அளந்தோம். புது டயர் 1.85 மீட்டர். மீட்டருக்கு உரிய பழைய டயர் 2.00 மீட்டர். ஆகவே முள் 60 காட்டினால் உண்மை வேகம் 60 பெருக்கல் 1.85 வகுத்தல் 2.00, அதாவது 55.5.

கணக்கை நம்பி விடவில்லை. ஆளில்லாத ரோட்டில் 500 மீட்டர் அளந்து, முள்ளை 60-ல் நிறுத்தி ஓட்டினோம். 32.5 விநாடி ஆனது. 1800-ஐ விநாடியால் வகுத்தால் வேகம், 55.4. செல்போன் ஜி.பி.எஸ்.ஸும் 55 என்றது. மூன்று வழியும் ஒத்துப்போனது.

ஸ்பீடோமீட்டர் கூடக் காட்டலாம், குறைத்துக் காட்டக் கூடாது. ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதியும் இதையே சொல்கிறது. கூடுதல் எவ்வளவு இருக்கலாம் என்றால், உண்மை வேகத்தில் பத்து சதவீதமும் அதோடு 4 கிலோமீட்டரும். அந்த எல்லைக்குள் எங்கள் மீட்டர் இருந்தது.

யூனிட்டைப் பார், பிறகு எண்ணைப் பார்

ஒரு டயலில் பி.எஸ்.ஐ., இன்னொன்றில் கிலோ, மூன்றாவதில் பாரன்ஹீட். ஒரு கிலோ அழுத்தம் 14.2 பி.எஸ்.ஐ. என்பதை மறந்தால் என்ன ஆகும்? 1983 ஜூலையில் கனடாவில் ஒரு போயிங் 767 விமானத்தின் ஃபியூவல் கேஜ்கள் வேலை செய்யவில்லை. டேங்க்கைக் குச்சி விட்டு அளந்து கணக்குப் போட்டார்கள். லிட்டருக்கு 0.8 கிலோ என்பதற்குப் பதில் 1.77 என்ற பவுண்டு எண்ணை வைத்துவிட்டார்கள். தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு கிளம்பிய விமானம் நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்று, கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுபாதையில் சறுக்கி இறங்கியது. விமானிகளின் திறமையால் 69 பேரும் பிழைத்தார்கள். கேஜ் கெட்டது முதல் தவறு என்றால், அளந்த எண்ணைச் சரிபார்க்காதது இரண்டாம் தவறு.

சுருக்கமாக

எந்த முள் தப்பாகத் தெரிந்தாலும் இந்த வரிசையில் போங்கள்: பேட்டரி வோல்ட், எர்த், ஒயர், சென்சார், கடைசியில் மீட்டர். மாற்றிய பின் குறைந்தது மூன்று இடத்தில், அதாவது கீழே, நடுவில், மேலே, தெரிந்த அளவோடு ஒப்பிட்டுக் குறித்துவையுங்கள். தொழிலுக்கென்று சான்றிதழ் தேவைப்பட்டால் கோவையிலேயே சிட்டார்க் போன்ற பரிசோதனைக் கூடங்கள் கேலிபிரேஷன் செய்து தருகின்றன.

கடைசியாக ஒன்று. என் அப்பா லாரி டிரைவர். படிக்கத் தெரியாது. அவர் லாரியில் ஆயில் கேஜ் கண்ணாடி மேல் சிவப்பு பெயின்ட்டில் ஒரு புள்ளி வைத்திருப்பார். எஞ்சின் நன்றாக ஓடும் நாளில் முள் நிற்கும் இடம் அது. "புள்ளியை விட்டு முள்ளு நகந்தா வண்டியை ஓரங்கட்டிருவேன்" என்பார். சின்ன வயசில் அதை விளையாட்டு என்று நினைத்தேன். ரேஸ் கார்களிலும் எஞ்சின் சரியாக இருக்கும்போது எல்லா முட்களும் நேர் மேலே நிற்கும்படி கேஜ்களைத் திருப்பிப் பொருத்துவார்கள், ஓட்டுபவர் எண்ணைப் படிக்காமல் ஒரே பார்வையில் தெரிந்துகொள்ள. இதைப் படித்தபோது அப்பாவின் புள்ளி நினைவுக்கு வந்தது.

எங்கள் காரிலும் டெம்பரேச்சர், ஆயில் கேஜ்கள் இரண்டையும் அப்படியே திருப்பிப் பொருத்தினோம். அண்ணன் இப்போது "அது எப்பவுமே அப்படித்தான்" என்று சொல்வதில்லை. முள் நகர்ந்தால் வண்டியை நிறுத்துகிறார்.



– மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு